சுருட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய பேஸ்பால் அட்டைகள்: எந்த ஊர், எந்த வருஷம்?

பனிக்காட்டான் (பஃபலோ, நியூயார்க்)

வணக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எஸ்டேட் சேல் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது) நடந்தது. அங்கே ஒரு மரச் சுருட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே பேஸ்பால் அட்டைகள். எனக்கு கிரிக்கெட்டே அரைகுறை, பேஸ்பால் சுத்தம். ஆனால் பழைய அச்சு வேலைப்பாடு பிடிக்கும் என்பதால் விட மனசு வரவில்லை.

பெரும்பாலானவை 80களின் சாதாரண அட்டைகள் என்று எனக்கே தெரிகிறது. ஆறு மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன:

தீப்பெட்டி அளவில் வெள்ளை ஓரம் போட்ட ஓர் அட்டை. ஆள் பெயர் ஓவரால், ஊர் சிகாகோ. பின்னால் நீல மையில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம். அதே அளவில் இன்னொன்று, சிவப்புப் பின்னணியில் டை காப், பின்னால் ஸ்வீட் கப்போரல் விளம்பரம். மூன்றாவது பளிச்சென்ற நிறத்தில் வரைந்த படம், பெயர் ஜிம்மி டைக்ஸ், பின்னால் 6ஆம் எண். நாலாவது கோணல்மாணலாகக் கத்தரித்த ஒரு சின்னப் படம், பெயர் சிஸ்லர், பின்பக்கம் வெறுமை. ஐந்தாவது போஸ்ட்கார்டு அளவில் டெட் வில்லியம்ஸ், கையெழுத்தோடு (!). ஆறாவது கறுப்பு ஓரம் போட்ட வண்ணப் புகைப்பட அட்டை, 1971 என்று யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்.

விற்ற அம்மா "இதெல்லாம் என் தாத்தா சின்ன வயசில் சேர்த்தது, 1910 வாக்கில்" என்றார். எந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலை அப்புறம்.

சந்தேகப்பிராணி (டல்லஸ்)

தாத்தா 1910இல் சேர்த்த பெட்டியில் 1971ஆம் வருஷத்து அட்டை எப்படி வந்ததாம்? டெட் வில்லியம்ஸ் 1939இல்தான் பெரிய லீக்கில் ஆடவே வந்தார். குடும்பக் கதையை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டி 1971க்குப் பிறகும் திறந்து மூடப்பட்டிருக்கிறது. 80கள் அட்டையும் கிடக்கிறது என்றால் அதற்குப் பிறகும்.

டை காப் சிவப்பு அட்டை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்காவில் பழைய சாமான் விற்கிற கடைகளில் பாதியில் அந்த அட்டையின் நகல் கிடக்கிறது.

பின்பக்கம்பார் (சிகாகோ)

சந்தேகப்பிராணி சொல்வது சரி. ஆனால் பெட்டியில் நகல் கலந்திருக்கிறது என்பதற்காக எல்லாமே நகல் ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. "எங்கிருந்து வந்தது" என்று நீங்கள் கேட்பது ஒரே கேள்வி மாதிரி இருக்கிறது. உண்மையில் அச்சடித்த ஊர் ஒன்று, பாக்கெட்டில் போட்டுக் கட்டிய தொழிற்சாலை இன்னொன்று, விற்ற சந்தை வேறொன்றாக இருக்கலாம். முன்பக்கப் படம் இதில் எதையும் சொல்லாது. அதில் போட்டிருக்கும் ஊர் ஆட்டக்காரரின் அணி ஊர், அவ்வளவுதான். புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்து "சிகாகோவில் வந்த அட்டை" என்று எழுதிவிடுவார்கள்.

உங்கள் ஓவரால் அட்டையைத் திருப்பிப் போட்டு, பீட்மான்ட் என்ற பெயருக்கு மேலும் கீழும் உள்ள சின்ன எழுத்தை அப்படியே படித்து எழுதுங்கள். அகலம், உயரம் மில்லிமீட்டரில் வேண்டும். அளவுகோலை அட்டை மேல் வைத்து அழுத்தாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பனிக்காட்டான்

அகலம் 37 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, உயரம் கிட்டத்தட்ட 67. பின்னால் "பேஸ் பால் சீரீஸ், 350 சப்ஜெக்ட்ஸ்" என்று இருக்கிறது. அடியில் "ஃபேக்டரி நம்பர் 25, செகண்ட் டிஸ்ட்ரிக்ட், விர்ஜீனியா". காப் அட்டையின் பின்புறம் சிவப்பு மை. அதிலும் ஃபேக்டரி நம்பர் இருக்கிறது, 30, நியூயார்க்.

பின்பக்கம்பார்

அருமை. ஓவரால் அட்டை, அசலாக இருந்தால், டி206 வரிசை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் போட்டது. அச்சு நியூயார்க்கில், அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனியில். அங்கிருந்து பல ஊர்த் தொழிற்சாலைகளுக்குப் போயின. அப்போது புகையிலை மேல் மத்திய வரி உண்டு. எந்தத் தொழிற்சாலை, எந்த வரி மாவட்டம் என்று பாக்கெட்டில் குறிப்பது சட்டம். அதே குறிப்பு அட்டையிலும் ஏறிவிட்டது. வரி வசூலிக்கப் போட்ட எண், நூறு வருஷம் கழித்து நமக்கு முகவரியாக உதவுகிறது.

ஆக உங்கள் அட்டை நியூயார்க்கில் அச்சாகி, விர்ஜீனியாவில் பாக்கெட்டுக்குள் போய், எங்கோ ஒரு கடையில் விற்று, கடைசியில் பஃபலோவில் கிடைத்திருக்கிறது.

350 என்ற எண்ணும் முக்கியம். இந்த வரிசை 150, 350, 460 என்று மூன்று கட்டமாக வந்தது. 150 முதலில், 460 கடைசியில். 350 என்றால் நடுக்கட்டம், 1910 சுமாருக்கு வைக்கலாம். முழு வரிசையில் 524 படங்கள் என்பது கணக்கு. ஒரே படம் பல பிராண்டுகளின் பின்பக்கத்தோடு வரும். பீட்மான்டும் ஸ்வீட் கப்போரலும் மலிந்து கிடக்கின்றன. பிராட் லீஃப், ட்ரம், லெனாக்ஸ், யூஸிட் எல்லாம் அரிது. முன்பக்கம் ஒன்றாகவே இருந்தாலும் பின்பக்கம் மாறினால் விலை பல மடங்கு மாறும். நான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு ருசியான விஷயம். ரே டெமிட், பில் ஓ'ஹாரா இருவரும் நியூயார்க் அணியில் இருப்பதாக ஓர் அட்டை, செயின்ட் லூயிஸுக்கு மாறிய பிறகு இன்னோர் அட்டை. அந்த செயின்ட் லூயிஸ் அட்டை போலார் பேர் பின்பக்கத்தோடு மட்டுமே வரும். வேறு பிராண்டோடு யாராவது காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். போலார் பேர் சிகரெட் இல்லை, மெல்லுகிற துண்டுப் புகையிலை, பொட்டலத்தில் அட்டையும் புகையிலையும் ஒட்டி உரசிக்கொண்டே கிடக்கும். அதனால் அசல் போலார் பேர் அட்டைகளில் பழுப்புக் கறை சகஜம்.

மைப்புள்ளி (சிவகாசி)

அட்டைச் சேகரிப்பு எனக்குத் தெரியாது. ஆனால் ஆஃப்செட் மெஷினோடு வாழ்ந்தவன், அந்த வகையில் ஒரு வார்த்தை. காப் அட்டையை 10 மடங்கு லூப்பில் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். படத்தைப் பார்க்காதீர்கள், கீழே இருக்கிற எழுத்தைப் பாருங்கள்.

பழைய லித்தோ (கல்லச்சு) வேலையில் எழுத்து தனி மையில் ஒரே அடியாக விழும். பழுப்பு எழுத்து என்றால் பழுப்பு மையே ஊற்றியிருப்பார்கள், ஓரம் கெட்டியாக இருக்கும். அட்டையைப் புகைப்படம் எடுத்து நாலு கலர் பிரித்து மறுபடி அடித்தால், அந்தப் பழுப்பு எழுத்தே மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்புப் புள்ளிகளாக உடைந்துவிடும். லூப்பில் சின்னச் சின்னப் பூப்போல வட்டங்கள் தெரியும். வெறும் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும், அவ்வளவுதான். லூப்பில் மறைக்கவே முடியாது.

ஆனால் படத்துக்குள் புள்ளி தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். நிழல் விழுகிற இடத்திலும் வானத்திலும் அந்தக் காலத்திலேயே புள்ளி வைத்துத்தான் நிறத்தைக் கலந்தார்கள்.

பின்பக்கம்பார்

ஐயா, ரொம்பச் சரியாகச் சொன்னீர்கள். டி206இலும் படத்தில் புள்ளி உண்டு. பலர் அதைப் பார்த்து அசலைக் குப்பையில் போட்ட கதையும் உண்டு. பெயர் எழுத்து, படத்தைச் சுற்றிய மெல்லிய கோடு, இரண்டும் முழு மையாக இருக்க வேண்டும்.

கூடவே ஒரு புற ஊதா டார்ச். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்ந்தது. இருட்டறையில் டார்ச் அடித்தால் புதுக் காகிதம் நீல வெள்ளையில் மின்னும், 1910 காகிதம் மந்தமாகவே கிடக்கும். ஆனால் இது ஒருவழிச் சோதனை. மின்னினால் நகல் என்று அடித்துச் சொல்லலாம். மின்னாவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. ரசாயனம் சேர்க்காத காகிதம் இன்றைக்கும் கிடைக்கிறது. பழுப்பாக்க டீத்தண்ணியில் முக்கி எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

பனிக்காட்டான்

டார்ச்சும் லூப்பும் வாங்கிப் பார்த்தேன். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஓவரால் இருட்டோடு இருட்டாக இருக்கிறார். காப் சலவை செய்த வேட்டி மாதிரி ஜொலிக்கிறார். லூப்பில் காப் என்ற எழுத்து முழுக்க ஐயா சொன்ன கலர்ப் புள்ளி. ஓவரால் எழுத்து ஒரே பழுப்பு, "வி" எழுத்தின் முனையில் மை லேசாக வழிந்திருக்கிறது.

காப் போச்சு. பரவாயில்லை. ஆனால் நகலின் பின்பக்கத்தில் ஃபேக்டரி 30 என்று ஏன் போட்டார்கள்?

சந்தேகப்பிராணி

அசலைப் படம் பிடித்து அடித்தால் பின்பக்கமும் அப்படியே வரத்தானே செய்யும்? சில நகல்களில் ஓரமாக "மறுஅச்சு" என்று இருக்கும். அதைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பின்பக்கத்தில் எங்காவது சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். என் மைத்துனருக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

ஸ்கார்பரோக்காரன் (டொராண்டோ)

தம்பி, நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தேன். பஃபலோ எண்டால் எங்கட எல்லைக்கு அந்தப் பக்கம்தானே, பாலம் தாண்டினால் கனடா. அதனால் உங்கட மூன்றாவதையும் ஆறாவதையும் பற்றி எனக்கொரு சந்தேகம்.

ஜிம்மி டைக்ஸ் 6ஆம் எண் எண்டால் எல்லாரும் உடனே 1933 கவுடி எண்டுதான் சொல்லுவினம். கவுடி கம் கம்பெனி பாஸ்டனில் இருந்தது, பபிள் கம்மோடு வந்த அட்டை. ஆனால் அதே வருஷம் அதே படங்களோடு மான்ட்ரியலில் வேர்ல்ட் வைட் கம் கம்பெனியும் ஒரு வரிசை விட்டது. முன்பக்கத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். பின்பக்கத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்குது? பிரெஞ்சு இருக்குதோ?

கறுப்பு ஓரக் காரரையும் திருப்பிப் பாருங்கோ. அதில் பிரெஞ்சு இருந்தால் அது டாப்ஸ் எண்ட அமெரிக்கக் கம்பெனியின்ர அட்டை இல்லை, கனடாக் கம்பெனி ஓ-பீ-சீயின்ர. ஒன்டாரியோவில் லண்டன் எண்ட ஊரில் அச்சடிச்சது.

பனிக்காட்டான்

அண்ணா, கையைக் கொடுங்கள்! டைக்ஸ் பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கின்றன. அடியில் மான்ட்ரியல் என்று தெளிவாக இருக்கிறது. கறுப்பு ஓர அட்டையிலும் பிரெஞ்சு. இவ்வளவு நாளும் அதை ஸ்பானிஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கார்பரோக்காரன்

அப்ப விஷயம் முடிஞ்சுது. பாஸ்டன் கவுடி 240 அட்டை, மான்ட்ரியல் வரிசை 94தான். சேகரிப்பாளர்கள் முதலாவதை ஆர்319 எண்டும் இரண்டாவதை வி353 எண்டும் சொல்லுவினம். மான்ட்ரியலிலேயே இரண்டு வகை இருக்குது: முழு ஆங்கிலப் பின்பக்கம், இருமொழிப் பின்பக்கம். ஆரம்ப எண்கள் இரண்டு வரிசையிலும் ஒண்டுதான். அதனால்தான் உங்கட 6ஆம் எண்ணை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. பிறகு எண்கள் பிரியும். பேப் ரூத் பாஸ்டன் வரிசையில் 53, 144, 149, 181 எண்டு நாலு தரம் வருவார். மான்ட்ரியலில் 80, 93. ரூத் எண்டால் எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லிப்போடலாம். டைக்ஸ் எண்டால் திருப்பித்தான் ஆகவேணும்.

ஓ-பீ-சீ 1965இல் இருந்து டாப்ஸிட்ட உரிமை வாங்கிப் பேஸ்பால் அட்டை அடிச்சது. முதல் சில வருஷம் ஆங்கிலம் மட்டும், "பிரின்டட் இன் கனடா" எண்ட ஒரு வரிதான் அடையாளம். 1970இல் இருந்து இருமொழி. 1971இல் பின்பக்க வடிவமே டாப்ஸில் இருந்து வேறு. ஓரத்தையும் தடவிப் பாருங்கோ, டாப்ஸ் மாதிரி வழுவழுப்பாய் இராது, நார் நாராய் இருக்கும். கட்டிங் மெஷின் அப்படி. "ஓரம் கந்தலாய் இருக்குது, நகல்" எண்டு யாராவது சொன்னால் நம்பிவிடாதேங்கோ.

எல்லை தாண்டிப் போய் வந்த குடும்பம் போல கிடக்குது. இல்லாட்டில் ஒன்டாரியோவில் சொந்தக்காரர் இருந்திருப்பினம்.

சந்தேகப்பிராணி

அல்லது 80களில் ஒரு பேரன் நயாகரா பக்கம் சந்தையில் மொத்தமாக வாங்கியிருப்பான். அட்டை கனடாவில் பிறந்தது என்பது உறுதி. எப்படிப் பஃபலோ வந்தது என்பது ஊகம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதக் கூடாது.

ஸ்கார்பரோக்காரன்

அது சரிதான். ஒத்துக்கொள்ளுறேன்.

கொட்டகை (சென்னை)

குறுக்கே வருகிறேன். டி206, ஆர்319, வி353 என்கிறீர்கள். இந்த எண்ணெல்லாம் அட்டையிலேயே இருக்கிறதா?

பின்பக்கம்பார்

அட்டையில் இருக்காது. ஜெஃபர்சன் பர்டிக் என்ற மனிதர் போட்ட எண். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் ஊர்க்காரர், மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பேஸ்பாலில் தனி ஆர்வமும் கிடையாது. சிகரெட் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று அச்சான துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்தார். 1939இல் முதல் அட்டவணையை வெளியிட்டார். அதற்கு முன் இந்த அட்டைகளைக் கூப்பிடப் பொதுவான பெயரே கிடையாது. ஒருவர் "வெள்ளை ஓரம்" என்பார், இன்னொருவர் "பீட்மான்ட் அட்டை" என்பார். கடிதம் மூலம் மாற்றிக்கொள்பவர்களுக்குப் பெரிய தலைவலி.

அவர் செய்தது எளிமையானது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை என்றால் என். 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை என்றால் டி. பழைய மிட்டாய், கம் என்றால் இ. 1930க்குப் பிறகு வந்த கம் என்றால் ஆர். கனடா மிட்டாய், கம் என்றால் வி. ரொட்டிக் கடை அட்டை என்றால் ஆங்கில D, புகையிலையின் T இல்லை. அதாவது அட்டை எந்தப் பண்டத்தோடு வந்தது என்பதே முதல் எழுத்து. ஆட்டக்காரர் யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். 206 என்பது அவர் பட்டியலில் அடுத்து வந்த எண், அதற்கு மேல் ரகசியம் இல்லை.

தன்னிடமிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கீல்வாதம் முற்றி விரல் மடங்காத நிலையில், அருங்காட்சியகத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்துபோனார். ஒட்டியதுதான் இன்றைய சேகரிப்பாளர்களுக்குப் பெரிய கஷ்டம், பின்பக்கத்தைப் பார்க்க முடியாதே! ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கொட்டகை

நன்றி, மனிதர் பிரமாதம். இன்னொரு கேள்வி. 1910, 1933 என்று பேசுகிறீர்களே, கறுப்பின ஆட்டக்காரர்களின் அட்டைகளே கிடையாதா?

பின்பக்கம்பார்

நல்ல கேள்வி, அட்டையின் பிறந்த ஊர் ஏன் முக்கியம் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீக்குகளில் நிறத்தடை. அமெரிக்கப் புகையிலை, கம் கம்பெனிகள் அந்த லீக்குகளின் ஆட்களைத்தான் அச்சடித்தன. கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக்கின் மகத்தான ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் கியூபாவில் போய் ஆடுவார்கள், அங்கே அப்படித் தடை இல்லை. அதனால் ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜான் ஹென்றி லாயிட் போன்றவர்களின் அட்டை வேண்டுமென்றால் கியூபாவின் பில்லிகன் சிகரெட் வரிசையில், 1923–24இல், தேட வேண்டும். பின்பக்கம் ஸ்பானிஷ். சொந்த நாட்டுக் கம்பெனி எதுவும் அவர்களைச் சீண்டவில்லை. அமெரிக்கப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு இந்த ஆட்கள் இருந்ததே தெரியாது.

யோகோஹாமா (ஜப்பான்)

ஸ்பானிஷ் வந்தது, ஜப்பானையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே போருக்குப் பிந்தைய மென்கோ அட்டைகள் நிறைய. தடித்த அட்டை, சில வட்டமாக, சில நீளமாக இருக்கும். பையன்கள் தரையில் ஓங்கி அடித்து எதிராளியின் அட்டையைப் புரட்ட வேண்டும், அதுதான் ஆட்டம். பின்பக்கத்தில் கல், காகிதம், கத்தரிக்கோல் குறியும் நீளமான எண்ணும் இருந்தால் பெரும்பாலும் மென்கோ. மூலைகள் நசுங்கியிருப்பது இதில் குறையே இல்லை, அடித்து விளையாடத்தானே செய்தார்கள். கல்பி சிப்ஸ் பாக்கெட்டில் அட்டை வந்தது 1973 முதல். அமெரிக்கர்கள் இதைப் பார்த்துவிட்டு "பழைய டாப்ஸ் வெளிநாட்டுப் பதிப்பு" என்று இணையத்தில் விற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பனிக்காட்டான்

நான் ஆரம்பித்தது எங்கேயோ போய்விட்டது, ஆனால் சுவையாக இருக்கிறது. மீதி இரண்டு: டெட் வில்லியம்ஸ் கையெழுத்து, பின்பக்கம் வெறுமையான சிஸ்லர்.

பின்பக்கம்பார்

வில்லியம்ஸ் கதை சின்னது. "சின்சியர்லி யுவர்ஸ்" என்று ஆரம்பிக்கிறதா? அப்படியென்றால் சிகாகோ எக்ஸிபிட் சப்ளை கம்பெனி அட்டை. பொழுதுபோக்குக் கூடங்களில் இயந்திரத்தில் ஒரு சென்ட் போட்டால் ஓர் அட்டை விழும். கையெழுத்தும் அச்சிலேயே வந்தது, லூப்பில் பேனா மை உட்கார்ந்த பள்ளம் தெரியாது. என் ஊர்ச் சரக்கு என்பதால் எனக்குப் பாசம், ஆனால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள்.

சிஸ்லர்தான் கொஞ்சம் வேலை வாங்கும். பின்பக்கம் வெறுமை என்றால் மூன்று வாய்ப்பு. ஒன்று, 1920 வாக்கில் கடைகளில் நீளப் பட்டையாக விற்று, பையன்கள் கத்தரித்துக்கொண்ட ஸ்ட்ரிப் அட்டை. பிறக்கும்போதே பின்னால் ஒன்றும் கிடையாது. இரண்டு, ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்ததில் பின்பக்கத் தாள் உரிந்துபோனது. மூன்று, ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டியது.

மைப்புள்ளி

உரிந்ததா என்று கண்டுபிடிக்க: அட்டையைப் படுக்க வைத்து, டார்ச்சை மேஜை மட்டத்தில் பக்கவாட்டில் அடியுங்கள். உரிந்த பரப்பு பஞ்சு பஞ்சாக நிழல் விழும், கனமும் ஒரு மூலைக்கு ஒரு மூலை மாறும். அச்சகத்திலிருந்து வெறுமையாக வந்த பக்கம் சமமாக இருக்கும். பத்திரிகைத் தாள் என்றால் பின்பக்கத்தில் ஏதாவது எழுத்தின் சாயலாவது தெரியும்.

பனிக்காட்டான்

பின்பக்கம் சமமாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. பஞ்சு இல்லை. படத்தின் வலது ஓரத்தில் ஒரு விஷயம்: வெட்டு கோணலாகப் போனதால் பக்கத்துப் படத்தின் பச்சை நிறம் நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவே புள்ளிக் கோட்டின் மிச்சமும் தெரிகிறது.

பின்பக்கம்பார்

அந்தப் பச்சை நூலை யாரும் வெட்டிச் சீராக்கிவிடாதீர்கள்! அதுதான் உங்கள் சாட்சி. பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டியிருந்தது என்றால் அது பட்டையாக வந்த அட்டை. பர்டிக் இவற்றுக்கு டபிள்யூ எழுத்து கொடுத்தார். கம்பெனி பெயர் போடாத அட்டைகள், யார் அடித்தார்கள் என்றே பல வரிசைகளுக்குப் பதிவு இல்லை. சிஸ்லர் இந்தப் பட்டைகள் பலவற்றில் வருகிறார். பெயரின் எழுத்து வடிவம், எண் போட்ட இடம், பின்னணி நிறம் மூன்றையும் அட்டவணைப் படங்களோடு ஒப்பிட்டால் எண் கிடைக்கும்.

ஒழுங்காக வெட்டினால் அழகாக இருக்கும் என்று நினைப்பது இந்தத் துறையின் பெரிய வியாதி. டி206இல் மிகப் புகழ்பெற்ற அட்டை ஹோனஸ் வாக்னர். தெரிந்தவை சுமார் 60தான். அதில் மிக நல்ல நிலையில் இருப்பதாகப் பேர் வாங்கிய பிரதி, ஒரு காலத்தில் ஹாக்கி வீரர் வெய்ன் க்ரெட்ஸ்கி கூட்டாக வாங்கியது, 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதன் ஓரத்தை நானே வெட்டினேன் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தரம் சோதிக்கும் கம்பெனி பிளாஸ்டிக் உறையில் வைத்து 10க்கு 8 மதிப்பெண் போட்ட அட்டை அது. உறையைப் பார்த்து வாங்காதே, அட்டையைப் பார்த்து வாங்கு என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான்.

சந்தேகப்பிராணி

ஆனால் அகலம் குறைவாக இருந்தாலே வெட்டியது என்றும் குதிக்கக் கூடாது. அமெரிக்கன் பியூட்டி பின்பக்கம் உள்ள டி206 அட்டைகள் தொழிற்சாலையிலிருந்தே ஒடுக்கமாகத்தான் வந்தன. பின்பக்கத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் அசலுக்கு அநியாயம் நடக்கும்.

பனிக்காட்டான்

அப்படியானால் இவற்றைத் தரச் சோதனைக்கு அனுப்பட்டுமா வேண்டாமா? ஓவரால் பின்பக்கத்தில் ஒரு மூலையில் பழைய பசை இருக்கிறது, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பின்பக்கம்பார்

ஊறவைப்பது சேகரிப்பாளர்களுக்குள் பெரிய சண்டை. டி206 லித்தோ மை தண்ணீரைத் தாங்கும், ஆல்பத்திலிருந்து நிறைய அட்டைகள் அப்படி எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் மூலையில் துளி பசைக்காக நான் செய்ய மாட்டேன். விற்கும் எண்ணம் இல்லையென்றால் பசையும் அதன் வரலாறுதான். ஸ்ட்ரிப் அட்டையைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மட்டமான தாள், மலிவான மை.

சோதனைக்கு ஓவராலையும் டைக்ஸையும் அனுப்பலாம். கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அனுப்பும்போது டைக்ஸ் சீட்டில் "வேர்ல்ட் வைட் கம், இருமொழி" என்று நீங்களே எழுதுங்கள். திரும்பி வரும்போது உறையின் மேல் கவுடி என்று இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோக்காரன்

தம்பி, அந்த ஓ-பீ-சீயை விக்கிற யோசனை இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கோ. எந்த ஆட்டக்காரர் எண்டு இன்னும் நீங்கள் சொல்லவே இல்லை.

பனிக்காட்டான்

பெயர் மேல் யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் அண்ணா. பின்பக்கத்தில் 5 என்று எண் இருக்கிறது. ஸ்டிக்கரைப் பிய்க்காமல் எண்ணை வைத்துத் தேட முடியுமா?

ஸ்கார்பரோக்காரன்

5 எண்டால் 1971இல் தர்மன் மன்சன், யாங்கீஸ் கேட்சர். கறுப்பு ஓரத்தில் ஸ்டிக்கரை இழுத்தால் மை பெயர்ந்து வெள்ளை தெரியும், கை வைக்காதேங்கோ. படத்தில் ஹோம் பிளேட்டில் புழுதி பறக்குதோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ, மற்றதைத் தனிமடலில் கதைப்பம்.